முள்ளும் உயிரும்

தமிழில் முள் என்னும் சொல்லுக்கு நல்ல பெயர் இல்லை. காலில் தைப்பது முள். மீன் உண்ணும்போது தொண்டையில் சிக்குவது முள். வேலியோரம் நடப்பவரின் ஆடையைப் பற்றிக் கிழிப்பதும் முள். ஆயினும், நடுநிலைக்கு எடுத்துக்காட்டாக நாம் போற்றும் துலாக்கோலின் நடுவிலும் ஒரு முள்தான் நிற்கிறது. பொழுதின் போக்கைக் காட்டும் கடிகாரத்திலும் முள்தான் சுற்றுகிறது. எனவே, முள் நல்லதா தீயதா என்னும் வினாவுக்கு, அது எங்கே இருக்கிறது, எவ்வளவு கூர்மையோடு இருக்கிறது, அதனைப் பேணுவோர் யார் என்பவற்றைப் பார்த்தே விடை கூற வேண்டியிருக்கிறது. இக்கட்டுரையில் நாம் பேச எடுத்துக்கொண்டது இவற்றுள் எதிலும் சேராத வேறொரு முள். அது சேவலின் காலில் வளரும் முள்.

இலக்கிய மணம் கமழ வேண்டிய தமிழ்த்துறை மலரில் கோழிக்கூட்டின் வாடை எதற்கு என்று பெரியோர் சிலர் முறுவலிக்கக்கூடும். தமிழுக்குக் கோழி புதிதன்று. சோழர் தலைநகராக விளங்கிய உறையூருக்குக் 'கோழி' என்றே ஒரு பெயர் உண்டு. கோழி ஒன்று யானையை எதிர்த்து வென்ற இடம் என்பது அப்பெயருக்குச் சொல்லப்படும் கதை. குறுந்தொகையின் 305ஆம் பாடலைப் பாடிய புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. குப்பைமேட்டில் ஏவுவாரும் விலக்குவாரும் இன்றித் தாமே பொருது ஓயும் கோழிகளை அவர் உவமையாக்கினார். குப்பைக்கோழியார் என்னும் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், பொருத கோழி ஒன்றின் நினைவாக நடப்பட்ட நடுகல், வட்டெழுத்தோடு கிடைத்திருக்கிறது. தொல்காப்பிய மரபியலோ, சிறகுடைய பறவைகளின் ஆணைச் சேவல் என்று வழங்கலாம் எனக் கூறி, மயிலை மட்டும் விலக்குகிறது. இத்தனை பெருமைக்குரிய பறவை எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு வழக்குக்கு உள்ளாகி, உயிருக்கு மன்றாடி நின்றது. அவ்வழக்கின் வழியாக நாங்கள் அறிந்துகொண்டவற்றை இம்மலரின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே நம் நோக்கம்.

முற்றத்தில் நடந்த வழக்கு

2020ஆம் ஆண்டின் ஊரடங்கு நாள்களில் எங்கள் நன்னி பதினொரு முட்டைகளை அடைவைத்தார். இருபத்தொரு நாளில் ஒன்பது குஞ்சுகள் பொரித்தன. பருந்துக்கும் கீரிக்கும் போக எஞ்சியவற்றுள் ஒன்று சேவலாயிற்று. செந்நிறக் கழுத்தும் மஞ்சள் காலுமாக அது முற்றத்தில் நடந்துவரும் அழகைக் காண்பதற்கென்றே தெருப் பிள்ளைகள் வருவதுண்டு. அம்மஞ்சள் காலுக்கும் நம் நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. உலகிலுள்ள வீட்டுக்கோழிகளின் முதன்மையான மூதாதை தென்கிழக்காசியப் பகுதியைச் சார்ந்த சிவப்புக் காட்டுக்கோழியே ஆயினும், மஞ்சள் தோலுக்கான மரபுக்கூறு நம் தென்னாட்டு மலைகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008ஆம் ஆண்டில் ஆய்வாளர் காட்டினர்.

மூன்றாண்டுகளில் அச்சேவலின் கால்முள் ஏறத்தாழ இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டது. பெட்டைக்கோழிகளின் முதுகில் இறகு முறிந்து, சிறகின் அடியில் சதை கீறப்பட்டுக் கிடந்தது. ஒரு பெட்டை கூட்டைவிட்டு வெளியே வரவே அஞ்சியது. இவற்றையெல்லாம் வீட்டிலுள்ளோர் பேசிக்கொண்டிருந்த வேளையில்தான் அது நிகழ்ந்தது. அண்டை வீட்டுப் பெண்குழந்தை, வயது ஐந்து. உறவு முறையில் எங்களுக்குப் பேத்தி. முற்றத்தில் குந்தியிருந்து புளியங்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த அக்குழந்தையின் முகத்துக்கு நேராகச் சேவல் பாய்ந்தது. முள் கிழித்த கோடு, கண்ணுக்கு அரை அங்குலம் கீழே நின்றது. அவ்வரை அங்குலம் மேலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது இன்றும் எங்கள் உள்ளம் நடுங்குகிறது.

மாலையில் தெருப் பெரியவர்கள் எங்கள் திண்ணையில் கூடினர். குழந்தையின் தந்தை சினத்தோடு நின்றார். அச்சினம் முறையானது என்பதை ஒருவரும் மறுக்கவில்லை. "நாளைக்கே அறுத்து ஆணம் வெச்சிடுங்க நன்னி, பேச்சு வேண்டாம்" என்றார் அவர். நன்னி சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "புள்ளையோட கண்ணுக்கு முன்னால சேவலோட உசுரு பெருசில்ல தம்பி. அறுக்கச் சொன்னா அறுத்துடலாம். ஆனா இதை அறுத்தா, அடுத்த சேவலுக்கு முள்ளு முளைக்காதா? அப்ப என்ன பண்ணுவோம்?" என்றார்.

அவ்வினாவுக்கு அங்கிருந்த எவரிடமும் விடையில்லை. கோழி வளர்க்கும் வீட்டில் சேவல் இருக்கும். சேவல் இருந்தால் முள் இருக்கும். ஒவ்வொரு முள்ளுக்கும் ஓர் உயிரைப் போக்கிக்கொண்டிருப்பது தீர்வாகுமா? இறுதியில் குழந்தையின் தந்தை ஒரு தவணை கொடுத்தார். "நாப்பது நாள் பார்க்குறேன் நன்னி. அதுக்குள்ள ஒரு வழி பண்ணுங்க. இல்லேன்னா அறுப்புதான்." சேவல் அன்றிரவே பஞ்சாரத்துக்குள் அடைபட்டது.

முள்ளின் அமைப்பு

மறுநாட் காலையில் கூடையில் வைத்துச் சேவலைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்றோம். அவர் காலைக் கையிலேந்தி, பெருவிரலால் முள்ளைத் தடவிக் காட்டியவாறு விளக்கியவை ஒரு நல்ல பாடமாக அமைந்தன.

நம்மில் பலர் சேவலின் முள்ளை நகம் என்றே கருதுகிறோம். அது நகமன்று. நகம் விரல் நுனியில் வளர்வது. முள், காலின் தண்டுப் பகுதியில், பின்விரலுக்குச் சற்று மேலே, உட்புறமாக வளர்வது. குஞ்சுப் பருவத்தில் அவ்விடத்தில் ஒரு சிறு பொட்டு மட்டுமே தெரியும். ஐந்து, ஆறு திங்கள் ஆனபின் அது புடைத்து எழும். ஓராண்டில் அரை அங்குலம் அளவும், மூன்றாண்டில் இரண்டு அங்குலம் அளவும் வளர்வது பெரும்பான்மை வழக்கம். இனத்துக்கேற்பக் கூடவும் குறையவும் செய்யும். வாழ்நாள் முழுதும் அது வளர்ந்துகொண்டே இருக்கும்.

அதன் உள்ளே இருப்பது எலும்பு. அவ்வெலும்பு காலெலும்போடு ஒட்டி ஒன்றாகிவிடுகிறது. பழங்கால இடிபாடுகளில் கிடைக்கும் கோழியெலும்புகளுள் ஆணை அடையாளம் காணத் தொல்லியலார் பார்ப்பதும் இம்முள்ளெலும்பையே. எலும்பைச் சுற்றிக் குருதியோட்டமும் உணர்ச்சியும் உள்ள மெல்லிய திசு இருக்கிறது. அதற்கும் மேலே உறைபோலக் கொம்புப்பொருள் மூடியிருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரிவது அவ்வுறை மட்டுமே. நம் நகமும் மாட்டின் கொம்புறையும் பறவையின் அலகுறையும் ஆகிய யாவும் கெரட்டின் என்னும் அதே பொருளால் ஆனவை. உறைக்கு உணர்ச்சி இல்லை. உள்ளே உயிர் இருக்கிறது. இவ்வொன்றை அறியாதவர் அரத்தையோ கத்தியையோ கையில் எடுத்தல் தகாது.

பெட்டைக்கு ஏன் முள் வளர்வதில்லை என்று நாம் கேட்டோம். சேவலின் ஆண்மையே முள்ளுக்குக் காரணம் என்பது பொதுவான எண்ணம். உண்மை அதற்கு மாறானது. விதை நீக்கப்பட்ட சேவலுக்கும் முள் வளர்கிறது. பெட்டையின் சூலகத்தில் சுரக்கும் இயக்குநீரே முள்ளை வளரவிடாமல் தடுத்து வைக்கிறது. அச்சூலகம் ஓய்ந்த முதிய பெட்டைகளுக்குச் சில வேளை முள் முளைப்பதும் அதனாலேயே.

கொம்பு சீவுபவரின் அறிவு

அன்று மாலை, பொங்கலுக்கு முன் தெருத்தெருவாக வந்து மாடுகளுக்குக் கொம்பு சீவித் தரும் முதியவர் ஒருவரை நன்னி அழைத்துவரச் செய்தார். அவர் பள்ளியில் படித்தவரல்லர். மருத்துவர் கூறியவற்றுள் ஒன்றையும் நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. சேவலின் காலைப் பார்த்தவுடனே அவர் சொன்னார்: "பாயம்மா, மாட்டுக் கொம்புக்கும் இதுக்கும் ஒரே கணக்குத்தாங்க. மேலே ஓடு, உள்ளே உசுரு. நுனியில கை வெக்கலாம்; அடியில கை வெக்கக் கூடாது. சீவுறவன் கண்ணு கத்தியில இருக்கக் கூடாது, உசுரு எங்க நிக்குதுன்னு பாக்கணும்."

மருத்துவக் கல்வி தந்த அறிவும் ஐம்பதாண்டுத் தொழில் தந்த அறிவும் ஒரே இடத்தில் வந்து சந்தித்ததை நாங்கள் வியப்போடு கண்டோம். நம் மாணவச் செல்வங்கள் நூலறிவை மட்டுமே அறிவென்று கொள்ளாமல், இத்தகையோரிடத்தும் செவிகொடுக்க வேண்டும் என்பது நம் விழைவு.

மழுக்கும் முறை

இனி, அன்றிரவு முதல் எங்கள் வீட்டில் கைக்கொண்ட முறையைக் கூறுவோம். கோழி வளர்க்கும் இல்லத்தார்க்கு இது பயன்படும்.

முதலாவது, காலம். பகலில் சேவலைத் துரத்திப் பிடித்தல் கூடாது. துரத்தினால் அது மிரளும். மிரண்ட சேவல் காலை உதறும். உதறும் காலில் அரம் வழுக்கும். இருட்டியபின் கோழிகள் அடைந்து, இஷா தொழுகை முடிந்து தெருவும் அடங்கிய வேளையே ஏற்றது. இருளில் சேவல் பெரும்பாலும் எதிர்ப்பதில்லை. மங்கலான ஒரு விளக்குப் போதும்.

இரண்டாவது, பிடிக்கும் முறை. இதற்கு இருவர் வேண்டும். பழைய பருத்தி வேட்டியை நான்காக மடித்து, சிறகுகள் விரியாதவாறு உடலைச் சுற்றி, ஒருவர் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். தலையின்மேல் துணியின் ஓரத்தை மெல்ல இட்டால் சேவல் அமைதியடையும். ஆனால் மார்பை இறுக்கிப் பிடித்தல் அறவே ஆகாது. நமக்கு இருப்பதுபோன்ற உதரவிதானம் பறவைக்கு இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதனால் மூச்சுவிட முடியும். குழந்தையைப் பத்திரமாகப் பிடிப்பதாக எண்ணி மார்பை அழுத்துவோர், அறியாமலே அதன் மூச்சை நிறுத்திவிடக்கூடும். தலைகீழாகத் தொங்கவிடுவதும் அத்தகைய தீங்கே.

மூன்றாவது, அளவு. முள்ளின் பின்புறமாகக் கைவிளக்கின் ஒளியைப் பாய்ச்சிப் பார்க்க வேண்டும். வெளிறிய நிறமுள்ள முள்ளாயின், உள்ளே உயிருள்ள பகுதி நிழல்போலத் தெரியும். அந்நிழலுக்கு வெளியே, நுனியில் மட்டுமே கைவைக்கலாம். கருமை படிந்த முள்ளில் நிழல் தெரியாது. அதனைச் சிறிதும் வெட்டாமல் அரத்தால் தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எங்கள் சேவலின் முள்ளில் கொம்பு சீவும் முதியவர் முதல்நாள் எடுத்தது நுனியில் கால் அங்குலத்துக்கும் குறைவே. எஞ்சியதை வாரம் ஒருமுறை சிறிது சிறிதாகத் தேய்த்தோம். முள்ளின் நீளத்தைக் குறைப்பதைவிட அதன் கூர்மையைப் போக்குவதே நோக்கம்.

நான்காவது, தேய்க்கும் முறை. மெல்லிய அரத்தால், அடியிலிருந்து நுனியை நோக்கி ஒரே திசையில் தேய்க்க வேண்டும். விரைந்து தேய்த்தால் சூடேறும். ஆகையால் இடையிடையே நிறுத்த வேண்டும். காலை மற்றொரு கையால் அசையாமல் தாங்கிக்கொள்ள வேண்டுமே அன்றி முறுக்கக் கூடாது. நுனி ஒரு பட்டாணிபோல உருண்டு, உள்ளங்கையில் அழுத்தினாலும் உறுத்தாத நிலை வந்தால் போதும். வெட்டியபின் தேய்க்காமல் விட்டால், வெட்டுவாயின் விளிம்பே புதிய கத்தியாகிவிடும்.

ஐந்தாவது, முன்னேற்பாடு. எவ்வளவு கவனமாக இருப்பினும் ஒரு துளி குருதி கசியக்கூடும். அதற்காக நாவிதரிடம் இருப்பது போன்ற படிகாரக் கட்டி ஒன்றையும் தூய துணியையும் அருகில் வைத்துக்கொண்டோம். குருதி கசிந்தால் துணியால் சில நிமிடங்கள் அழுத்திப் பிடித்து, படிகாரத்தை வைக்க வேண்டும். குருதி உலரும்வரை அச்சேவலைப் பிற கோழிகளோடு விடக் கூடாது. செந்நிறத்தைக் கண்டால் கோழிகள் கொத்தத் தொடங்கிவிடும். குருதி நிற்காவிடில் மருத்துவரை நாடுவதே முறை.

செய்யத் தகாதவை

சிலர் இடுக்கியால் முள்ளின் உறையைப் பற்றி முறுக்கிக் கழற்றிவிடுகின்றனர். மேலைநாட்டுச் சிற்றூர்களில், வெந்த உருளைக்கிழங்கைச் சுடச்சுட முள்ளில் செருகி, உறை இளகியபின் திருகி எடுக்கும் வழக்கமும் உண்டு. ஒரே நாளில் முள் முழுதும் மறைந்தது போலத் தோன்றுவதால் இம்முறை எளியதாகத் தெரிகிறது. ஆனால் உறை போனால் உள்ளே இருக்கும் உயிர்ச்சதை வெளிப்படுகிறது. அது தோல் உரிந்த விரல்நுனி போன்றது. புதிய உறை வளர்ந்து இறுகும்வரை அச்சேவல் வலியோடு நடக்க வேண்டும். குப்பையில் கால்வைக்கும் பறவையாதலால் புண் சீழ்பிடிக்கவும் கூடும். சூடான கிழங்கு காலையே வேகவைத்துவிடும் ஆபத்தும் உண்டு. முள்ளை அடியோடு அறுப்பதோ எலும்பையே அறுப்பதாகும். அது வீட்டில் செய்யும் வேலையன்று. உணர்விழப்பு மருந்து கொடுத்து மருத்துவர் செய்ய வேண்டிய அறுவை.

அவ்வாறே, முள்ளைக் கவனியாமல் விடுவதும் தீங்கே. முதிய சேவல்களுக்கு முள் வளைந்து வளர்ந்து, எதிர்க்காலில் உரசிப் புண்ணாக்கும். சில வேளை வளைந்து தன் காலையே குத்தும். நொண்டி நடக்கும் கிழச்சேவலைக் கண்டால் வாதம் என்று ஒதுக்கிவிடாமல், முதலில் அதன் முள்ளைப் பார்க்க வேண்டும்.

முள் பட்டவர்க்கு

முள் குத்திய காயம் வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இருக்கும். சேவலின் கால் நிலத்தையும் எச்சத்தையும் மிதித்த கால். ஆகவே காயத்தை உடனே ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுச் சில நிமிடங்கள் கழுவ வேண்டும். மஞ்சளை அப்பி மூடிவிட்டு இருந்துவிடலாகாது. இரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் நோய்க்கான தடுப்பூசி உரிய காலத்தில் போடப்பட்டிருக்கிறதா என்பதை மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். கண்ணிலோ கண்ணருகிலோ பட்டால் ஒரு நாழிகையும் தாழ்த்தலாகாது. முதியோர், அதிலும் காலில் நரம்பு சுருண்டு புடைத்திருப்போர், கூடுதல் கவனத்தோடு இருத்தல் வேண்டும். ஆஸ்திரேலியாவில் முட்டை எடுக்கச் சென்ற மூதாட்டி ஒருவரின் காலில் சேவல் கொத்த, புடைத்த நரம்பு கிழிந்து குருதிப்போக்கால் அவர் மாண்ட செய்தியை 2019ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தடயவியல் மருத்துவ அறிஞர்கள் வெளியிட்டனர். அது அரிதினும் அரிதான நிகழ்ச்சி. ஆயினும், அவ்வாறு குருதி பெருகினால் படுக்கவைத்துக் காலை உயர்த்தி அழுத்திப் பிடித்தாலே உயிர் காக்கலாம் என்பதை அறிந்து வைத்திருப்பது நன்று.

நாற்பது நாள்

முள் மழுங்கிவிட்டதால் சேவல் சாந்தமாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை என்பதே விடை. முள்ளை மழுக்கலாம், சேவலின் இயல்பை அரத்தால் தேய்க்க முடியாது. தன் பெட்டைகளையும் தன் முற்றத்தையும் காப்பதாகவே அது பாய்கிறது. கீழே குந்தியிருக்கும் குழந்தையின் உயரம் அதன் கண்ணுக்கு இன்னொரு சேவலின் உயரம்.

ஆகவே அந்நாற்பது நாளில் மனிதர்களாகிய நாங்களும் சில பழக்கங்களைக் கற்றோம். முற்றத்தின் ஒரு பகுதியை மூங்கில் தட்டியால் மறைத்துக் கோழிகளுக்கு ஒதுக்கினோம். பெரியவர் துணையின்றிக் குழந்தைகள் தட்டிக்குள் போகலாகாது என்பது தெரு முழுதும் ஏற்ற விதியாயிற்று. பிள்ளைகள் சேவலைத் துரத்தி விளையாடுவதும், கல்லெறிவதும் நின்றன. சேவல் பாய வந்தால் உதைப்பதும் இல்லை, திரும்பி ஓடுவதும் இல்லை. உதைத்தால் அது போருக்கு அழைப்பு. ஓடினால் அதற்கு வெற்றி. நன்னி கையில் ஒரு முறத்தை வைத்துக்கொண்டு, அதனைச் சேவலுக்கும் தமக்கும் நடுவே நிறுத்தி, நின்ற இடத்திலேயே நிற்பார். பாய்ந்து பாய்ந்து முறத்தில் மோதிச் சலித்துச் சேவல் விலகிப் போகும். முறத்தால் புலியை விரட்டிய தமிழச்சியைப் பற்றி நாம் மேடைதோறும் பேசுகிறோம். முறத்தால் ஒரு சேவலின் உயிரைக் காத்த மூதாட்டியை எங்கள் முற்றத்திலேயே கண்டோம்.

பெட்டைகளின் நிலையும் மாறிற்று. ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டைகளாவது இருத்தல் வேண்டும் என்று மருத்துவர் கூறியிருந்தார். எங்களிடம் இருந்தவை மூன்றே. மேலும் ஐந்து பெட்டைகளை வாங்கிச் சேர்த்தோம். காயம்பட்டவற்றைப் புண் ஆறும்வரை பிரித்து வைத்தோம். வேரோடு விழுந்த இறகுகள் சில வாரங்களில் மீண்டும் முளைத்தன. இடையில் முறிந்த இறகுகள் அடுத்த இறகுதிர் பருவம்வரை காத்திருந்தன.

நாற்பதாம் நாள் குழந்தையின் தந்தை வந்தார். தட்டிக்குள் சென்று, நன்னி சேவலைத் துணியில் சுற்றிப் பிடிக்க, முள்ளின் நுனியைத் தம் பெருவிரலால் பலமுறை அழுத்திப் பார்த்தார். தம் கன்னத்திலும் வைத்துப் பார்த்தார். "இருக்கட்டும் நன்னி. ஆனா புள்ளைங்க தட்டிக்குள்ள போகக் கூடாது" என்றார். தீர்ப்பு அவ்வளவே. அதில் சேவலுக்கு உயிரும் குழந்தைக்குக் காவலும் ஒருங்கே இருந்தன.

கூர்மையும் பொறுப்பும்

தமிழில் 'கொம்பு சீவி விடுதல்' என்றொரு வழக்கு உண்டு. இருவருக்கிடையே பகையை மூட்டி, ஒருவரை மற்றவர்மேல் ஏவிவிடுவதை அது குறிக்கும். மாட்டின் கொம்பைக் கூராக்கவும் அதே கத்திதான் பயன்படுகிறது. பிளவுற்ற நுனியைச் சீராக்கவும் அதே கத்திதான் பயன்படுகிறது. சேவலின் காலிலும் இவ்விரண்டு வழிகளும் உண்டு. சண்டைக்கென்றே வளர்க்கப்படும் அசீல் என்னும் இனத்தின் பெயர், தூய மரபுடையது எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அத்தகைய நல்ல பெயருடைய பறவையின் காலில், இயற்கை தந்த முள் போதாதென்று இரும்புக் கத்தியைக் கட்டிப் பந்தயம் வைப்போரும் இருக்கின்றனர். விலங்குகளையும் பறவைகளையும் ஒன்றோடொன்று பொருதுமாறு தூண்டுவதை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. குப்பைக்கோழியார் கண்ட கோழிகளுக்காவது ஏவுவார் இல்லை; கத்தி கட்டிய சேவலுக்கோ சுற்றிலும் ஏவுவாரே நிற்கின்றனர்.

பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோரும், மாணவரை ஆளாக்கும் ஆசிரியரும், ஊர் வழக்குகளைத் தீர்க்கும் பெரியோரும் நாள்தோறும் எதிர்கொள்வது இதனை ஒத்த வினாவே. இளைஞரின் சொல்லில் முள் இருக்கலாம். செயலில் பாய்ச்சல் இருக்கலாம். அதனை ஏவிவிட்டு வேடிக்கை பார்ப்பது ஒரு வழி. அடியோடு அறுத்து எறிவது இன்னொரு வழி. இரண்டும் விரைவில் முடிவன. மூன்றாவது வழிக்குப் பொறுமை வேண்டும்: உயிர் எங்கே நிற்கிறது என்று முதலில் பார்த்து, அதைத் தொடாமல் நுனியை மட்டும் மழுக்குவது. சினத்தோடு கண்டிக்கும்போது நம் சொல் உறையோடு நிற்கிறதா, உயிர்வரை போகிறதா என்று எண்ணிப் பார்ப்பவர் நல்லாசிரியர்.

இவ்வேலைக்கு முடிவு என்று ஒன்று இல்லை. தேய்த்த முள் மீண்டும் வளரும். எங்கள் வீட்டில் நாள் மறவாதிருக்க நன்னி ஒரு வழி கண்டார். மேற்கே மூன்றாம் பிறையைக் காணும் மாலைகளில், ஒன்றுவிட்டு ஒன்றாக, அரத்தையும் படிகாரத்தையும் எடுத்துவைக்கச் சொல்வார். அவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது. இம்மலரைப் படிப்போரின் இல்லத்திலும் சேவல் இருக்குமாயின், அது இன்றிரவு அடைந்தபின் கைவிளக்கோடு சென்று அதன் காலை ஒருமுறை பார்க்க வேண்டுகிறோம். முள் எவ்வளவு நீண்டிருக்கிறது, எங்கே வளைந்திருக்கிறது, பெட்டைகளின் முதுகில் இறகு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அரத்தை மறுநாள் எடுக்கலாம்.